பொம்மைகளை வாங்குங்கள், அட்டையை நம்பாதீர்கள்

பெங்களூரு ஜெயநகர் நாலாவது பிளாக்கில் ஒரு கடையில் மகளுக்கு ஆஸ்திரேலிய விலங்குகள் செட் வாங்கினேன். 12 ரப்பர் பொம்மைகள், கூடவே எது எந்தக் குடும்பம் என்று காட்டும் ஓர் அட்டை, எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய்.

பொம்மைகள் அவ்வளவு அருமை. விலங்கியல் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது பின்னங்கால்தான். கங்காருவுக்கும் கோலாவுக்கும் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒட்டிப்போய், நுனியில் மட்டும் தனித்தனியாக இரண்டு நகங்கள், நிஜத்தில் இருக்கிற மாதிரியே. இந்த விரலும், கீழ்த்தாடையில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய பற்களும் டைப்ரோடோடான்ஷியா வரிசையின் அடையாளம். வரிசை என்றால் பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு, இது குட்டியைப் பையில் வளர்க்கும் பைப்பாலூட்டிகளின் வரிசைகளில் ஒன்று. அதற்குள் கோலாவின் மிக நெருங்கிய சொந்தம் வோம்பாட். வோம்பாட் வளை தோண்டும்போது குட்டிமேல் மண் விழாதபடி பை பின்பக்கமாகத் திறக்கும், அதைக்கூடச் சரியாகச் செய்திருக்கிறார்கள்!

ஆனால் அந்த அட்டை இருக்கிறதே, கோலாவைக் கரடியோடும், அழிந்துபோன பைப்பாலூட்டியான தைலசினை நாயோடும் போட்டிருக்கிறது. 1936இல் ஹோபார்ட் விலங்குக்காட்சிசாலையில் கடைசித் தைலசின் இறந்தது. முகம் ஓநாய் மாதிரி இருந்தாலும் அது டாஸ்மேனியன் டெவில், நம்பாட் என்ற பைப்பாலூட்டிகளின் வரிசை. எகிட்னாவைப் பைப்பாலூட்டி என்கிறது அட்டை. முட்டையிடும் எகிட்னா பிளாட்டிபஸின் சொந்தம், முட்டையை வைக்கத் தற்காலிகமாக ஒரு பை உண்டாவதால் குழம்பியிருப்பார்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் பேண்டிகூட் விஷயத்தில். அட்டையில் எலிக் கூட்டத்தில் இருக்கிறது, மகளும் "நம்ம பெருச்சாளியாம்மா?" என்று கேட்டாள். பெயர் மட்டும்தான் நம்முடையது, தெலுங்கு பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து ஆஸ்திரேலிய விலங்குக்கு ஒட்டிக்கொண்டது. அந்த விலங்குக்குக் கங்காரு மாதிரி ஒட்டிய விரல்கள், ஆனால் கீழ்த்தாடையில் டெவில் மாதிரி பல சிறு பற்கள், அதனால் பில்பி என்ற நீண்ட காதுள்ள பைப்பாலூட்டியோடு சேர்த்துத் தனி வரிசையே கொடுத்திருக்கிறார்கள்.

அட்டையை மட்டும் மாற்றித் தர முடியாது என்றார் கடைக்காரர். சரி என்று பின்பக்கத்தில் நாங்களே ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளின் நான்கு வரிசைகளையும் வரைந்து பொம்மைகளை அடுக்கினோம். நான்காவது வரிசையில் மண்ணுக்குள் வாழும் மார்சூபியல் மோல் மட்டும்தான், செட்டில் அது இல்லை. அதை மகள் களிமண்ணில் செய்துகொண்டிருக்கிறாள், வெளியே தெரிகிற கண் கிடையாது என்பதால் கண் வைக்கவில்லை.