பையில் தொங்கும் சைரன்: நைட் ஷிஃப்டுக்கு இது போதுமா?

மருத்துவமனை லேபில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்களுக்கு எங்கள் நிர்வாகம் ஆளுக்கொரு பாதுகாப்பு அலாரம் கொடுத்தது. சாவிக்கொத்தில் மாட்டும் அளவுதான். ஒரு பக்கம், கயிறு கட்டிய ஒரு பின் (pin) இருக்கும். அதை உருவினால் சைரன் அலறும், கூடவே ஒரு விளக்கு விட்டு விட்டு எரியும். பின்னைத் திரும்பச் செருகும் வரை ஓயாது. பல கம்பெனிகளும் இதே மாதிரிதான் செய்து விற்கின்றன. அதனால் நான் எழுதுவது பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கிளவுஸ் போட்ட கையாலும் ஒரே இழுப்பில் இயக்க முடிவது. போனைத் திறந்து ஆப்பைத் தேடுகிற வேலை இல்லை. ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகு பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகிறது. அதையும் எல்லோரும் செட் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் லேப் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் வருவதே பெரிய விஷயம், ஜிபிஎஸ்ஸும் சரியாகப் பிடிக்காது. சைரனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் வாங்காததற்குச் சமம். நான் பை வாரில், நெஞ்சுக்கு நேராக மாட்டுகிறேன். எந்தக் கையாலும் எட்டும். ஐடி கார்டு கயிற்றில் சேர்த்து மாட்ட வேண்டாம். கழுத்தில் தொங்குவதை யாரும் பிடித்து இழுக்க முடியும். அந்தக் கயிறேகூட, இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கிளிப் உள்ளதா என்று இன்றே பாருங்கள்.

சத்தத்துக்கு வருவோம். பெட்டியில் 130 டெசிபல் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று போடவில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும். 10 சென்டிமீட்டரில் 130 என்றே வைத்துக்கொண்டாலும், 1 மீட்டரில் 110, 10 மீட்டரில் 90 ஆகிவிடும். நடுவில் ஒரு மூடிய கதவு வந்தால் அதிலிருந்து இன்னும் 20 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிடும். இந்தக் கீச்சென்ற ஒலி காதில் சட்டென்று படும், ஆனால் சுவர் கதவைத் தாண்டுவதில் தாழ்ந்த ஒலியை விட பலவீனமானது. போன் ஆப்பில் அளந்து பார்த்து ஏமாற வேண்டாம், இவ்வளவு பெரிய சத்தத்தை போன் மைக்கால் சரியாகப் பிடிக்க முடியாது.

அதனால் நாங்களே சோதித்துப் பார்த்தோம். ஒருத்தி லேபில் பின்னை உருவ, நான் தரைத்தளத்தில் செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். லேப் வராந்தாவில் காது கிழிந்ததாம். மேலே, தீத்தடுப்புக் கதவு சாத்தியிருந்த நிலையில், மெலிதாக ஏதோ கேட்டது. செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். “வெளியே ஏதோ காரு அலாரம் அடிக்குதும்மா” என்றார். அவர் மேல் தப்பில்லை. இப்படி ஒரு கருவி கொடுத்திருப்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லை! வாகன நிறுத்தத்தில் உருவியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே இது நிச்சயம் உதவும். (சோதிக்கும்போது கையை நீட்டி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 120 டெசிபலை நெருங்கினாலே காது வலிக்கும்.)

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. உள்ளே பட்டன் பேட்டரிகள். தீர்ந்துகொண்டு வருவதைக் காட்ட எந்த விளக்கும் இல்லை. மாதாமாதம் ஒரு நொடி உருவிப் பார்ப்பதுதான் வழி.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்தச் சைரன், இருட்டில் பின்தொடரும் முகம் தெரியாத ஆளை நினைத்துச் செய்தது. வேலை இடத்தில் நாங்கள் பயப்படுவது பெரும்பாலும் முகம் தெரிந்தவருக்கு. மேலதிகாரி ஒருவர் ரிப்போர்ட் பார்க்கிற சாக்கில் நம் நாற்காலியில் சாய்ந்து நின்றால் பின்னை உருவ முடியுமா? உருவினால் மறுநாள் பேச்செல்லாம் உருவியவளைப் பற்றித்தான் இருக்கும். கோபத்தோடு கவுண்டருக்கு வரும் நோயாளியின் உறவினர் முன்னாலும் அப்படித்தான், சைரன் அவரை இன்னும் கொதிக்க வைக்கலாம். அங்கே தேவை, மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் அழுத்தும் பட்டனும், அழுத்தினால் ஓடி வர ஓர் ஆளும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, வேலை இட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் என்றே வந்த முதல் சர்வதேச ஒப்பந்தம். ஓய்வறை, கழிப்பறை, உடை மாற்றும் இடம், வேலைக்குப் போய்வரும் வழி, வேலை சம்பந்தமான போன் செய்திகள் எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன. எங்கே என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு கண்டறிய வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது. அலாரத்தை விநியோகிக்கும் முன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த அடித்தள வராந்தாவில் எரியாத விளக்கைத்தான் முதலில் சொல்லியிருப்போம்.

சோதித்ததை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தோம். விளக்கு மாற்றிவிட்டார்கள். செக்யூரிட்டிக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது மேசைக்கு ஒரு போன் செய்தால் வாகனம் வரை ஒருவர் கூட வருகிறார். இரவில் இரண்டு பேராகப் பணி கொடுப்பதும், கவுண்டருக்கு அடியில் பட்டனும் இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். வாகன நிறுத்தத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் தாராளமாக வாங்கலாம். பேட்டரி மாற்ற முடிவதாகவும் பின் இறுக்கமாக உட்காருவதாகவும் பார்த்து வாங்குங்கள், லூசான பின் கிளவுஸில் மாட்டி நடுராத்திரியில் வார்டையே எழுப்பிவிடும். வாங்கியதும் உங்கள் இடத்தில் ஒரு முறை உருவி, யார் காதுவரை போகிறது என்று பார்த்துவிடுங்கள்.