முதல் வெடிப்பில் வரும் திக்கல்: லினக்ஸில் விளையாடிய அனுபவம்

"விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறலாமா? விளையாட்டுகள் ஓடுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் வைன், புரோட்டான் ஆகிய மென்பொருள்கள் வழியாகவே 2021 முதல் விளையாடி வருகிறேன். ஓடுமா என்ற கவலை எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. இத்தனை காலமும் என்னை வாட்டியது, காட்சி ஒரு கணம் நின்று நகரும் திக்கல்தான்.

சராசரி வேகத்தைப் பார்த்தால் குறையே தெரியாது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், என்றால் ஒன்றுக்கு ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. புதிய இடத்தில் நுழைந்து முதல் வெடிப்பைப் பார்க்கும்போது ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 200 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். சராசரியில் அது கரைந்துபோகும். விளையாடுபவனுக்கோ அதற்குள் குண்டு பாய்ந்திருக்கும். அதே வெடிப்பு இரண்டாம் முறை எந்தத் தடங்கலும் இல்லாமல் வரும். அதுதான் எரிச்சலைக் கூட்டியது.

காரணம் புரிந்த பிறகு கோபம் சற்றுத் தணிந்தது. விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டி 11இல் எழுதப்பட்ட விளையாட்டு, ஷேடர்களையும் (வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரல்கள்) மற்ற வரைநிலைகளையும் தனித்தனியாக, நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் வல்கனோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக, அதாவது ஒரே பைப்லைனாக, முன்கூட்டியே கேட்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளுக்கு, எந்த ஷேடர் எந்த நிலையுடன் சேரப்போகிறது என்பது வரைய வேண்டிய கணம் வரை தெரியாது. தெரிந்த பிறகுதான், வரைகலை அட்டைக்குப் புரியும் வடிவில் அவற்றைத் தொகுக்கும் வேலை தொடங்கும்; அது முடியும்வரை திரை காத்து நிற்கும்.

2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 இதன் வேரிலேயே கைவைத்தது. பைப்லைனைத் துண்டு துண்டாகத் தொகுக்க உதவும் நீட்சி அந்த ஆண்டுதான் வல்கனில் சேர்ந்திருந்தது. அதைக் கொண்டு, விளையாட்டு ஷேடரைக் கொடுத்தவுடனேயே துண்டுகளைத் தயாரித்து வைத்துவிடுகிறார்கள். வரையும்போது சட்டென இணைத்தால் போதும். செம்மைப்படுத்திய வடிவம் பின்னணியில் தயாராகி, பிறகு அந்த இடத்துக்கு வருகிறது. என் வரைகலை அட்டையின் டிரைவரில் இந்த வசதி கிடைக்க மேலும் பல மாதங்கள் ஆயின. கிடைத்த அன்று, சேமித்திருந்த ஷேடர் கோப்புகளை ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு, எப்போதும் திக்கும் பாலத்தை மூன்று முறை கடந்து பார்த்தேன். ஒரு முறைகூடத் திக்கவில்லை. அன்று பட்ட மகிழ்ச்சிக்கு அதைச் செய்தவர்களுக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

போன வாரம் டிரைவரைப் புதுப்பித்தேன். சேமித்த ஷேடர்கள் அத்தனையும் செல்லாமல் போயின. டைரக்ட்3டி 12 விளையாட்டு ஒன்று பழையபடி மூலைக்கு மூலை திக்குகிறது. பைப்லைன்களை விளையாடும் நேரத்தில் உருவாக்குவது அந்த விளையாட்டின் பிழை. விண்டோஸிலும் அது திக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்றிரவு அதே இடத்தில் நான்கு முறை தோற்ற பிறகு, நியாயம் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

நண்பரிடம், இப்போதைக்கு மாற வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். நான் விண்டோஸுக்குத் திரும்பப் போவதில்லை.