தேவனாம்பட்டினம் மணலா, ஆரோவில் செம்மண்ணா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுவதென்றால், அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் தடம். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் புதைகிறதா? உடனே தண்ணீர்ப் பக்கம் நகருங்கள். இல்லாவிட்டால் கெண்டைக்கால் இறுகிவிடும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் ஓடினால் ஒரு முழங்கால் மட்டும் அடி வாங்கும். வட்டமடிக்காமல் போன வழியே திரும்பினால் சுமை இரண்டு காலுக்கும் பங்காகும்.

ஆரோவில் காட்டுப் பாதையில் நிழல் உண்டு, தரையும் உறுதி. ஆனால் காய்ந்த செம்மண்ணில் உருளும் சரளை வழுக்கும். ஐப்பசி மழையில் சேறு ஷூவின் அடியில் அப்பி, பிடிப்பே இருக்காது. அடியில் 4 மி.மீ. பல் வைத்த டிரெயில் ஷூ (காட்டுப் பாதையில் ஓடுவதற்கான ஷூ) அவசியம். வேர்கள் குறுக்கிடும் இடத்தில் காலடி நீளத்தைச் சுருக்குங்கள்.

புதியவர்களுக்குச் செம்மண்தான் நல்லது. மணலில் வாரம் ஒருமுறை, 20 நிமிடம் போதும்.