அழுத்தத்துக்குள் அழுத்தம்: தமிழ் அச்சுக்கோப்பில் டைப்ஸ்ட், லேடெக் எப்படி?

மேற்கோள் முழுதும் இட்டாலிக்கில், அதாவது சாய்வெழுத்தில், இருக்கிறது. அதற்குள் ஒரு நூற்பெயர் வருகிறது. ஆங்கிலப் பக்கமானால் நூற்பெயரை நிமிர்த்திவிட்டால் போதும், கண்ணுக்குப் பட்டுவிடும். தமிழ்ப் பக்கத்தில் அந்த வழி பெரும்பாலும் இல்லை. நம் எழுத்துருக்களில் பலவற்றுக்கு இட்டாலிக்கே கிடையாது. அதனால் ஒரு அச்சுக்கோப்பு மென்பொருளைத் தமிழுக்காகத் தேர்ந்தெடுப்பவர், அது தடிமனை எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டைப்ஸ்ட் (Typst), லேடெக் (LaTeX) இரண்டும் உரைக்குள் குறிகளும் கட்டளைகளும் எழுதிப் பக்கம் கோக்கும் மென்பொருள்கள். டைப்ஸ்டில் சொல்லின் இருபுறமும் அடிக்கோடு (_) இட்டால் எம்ஃப் (emph) என்ற அழுத்தம், நட்சத்திரம் (*) இட்டால் ஸ்ட்ராங் (strong) என்ற அழுத்தம். எம்ஃப் ஒரு சுவிட்ச் மாதிரி: சாய்ந்திருந்தால் நிமிர்த்தும், நிமிர்ந்திருந்தால் சாய்க்கும். ஸ்ட்ராங் அப்படியல்ல, அது கூட்டல். எழுத்தின் தடிமனை 100 முதல் 900 வரை எண்ணால் குறிப்பார்கள்; ஸ்ட்ராங் இப்போதுள்ள தடிமனோடு 300 சேர்க்கும். 400-இல் (சாதாரணத் தடிமன்) ஓடும் உரை 700 (போல்ட்) ஆகும். அதற்குள் இன்னொரு ஸ்ட்ராங் வந்தால் கணக்குக்கு 1000. உச்ச வரம்பு 900 என்பதால் அங்கே நிற்கும். அடுக்கடுக்கான அழுத்தத்துக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு இல்லை. போல்ட் என்பதை ‘உண்டு, இல்லை’ என்று பார்க்காமல் ‘எவ்வளவு’ என்று பார்ப்பது தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தாலும் எழுத்துருவில் சரக்கு இருக்க வேண்டும். கேட்ட தடிமன் இல்லையென்றால் டைப்ஸ்ட் அதே குடும்பத்தில் மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். போலியாகத் தடிப்பாக்குவதோ சாய்ப்பதோ கிடையாது. ஹிந்த் மதுரை எழுத்துருவில் 300 முதல் 700 வரைதான் இருக்கிறது, ஆகவே உள் ஸ்ட்ராங்கும் வெளி ஸ்ட்ராங்கும் ஒரே 700-இல் விழும். இட்டாலிக் இல்லாத முக்தா மலர் எழுத்துருவில் எம்ஃப் இட்டால் பக்கத்தில் எதுவுமே மாறாது. அதைவிட மோசம், எச்சரிக்கையும் வராது. 200 பக்கப் புத்தகத்தில் அழுத்தமெல்லாம் காணாமல் போனது மெய்ப்பு பார்க்கும்போதுதான் தெரியும். ஆங்கிலத்துக்கு இட்டாலிக் உள்ள வேறு எழுத்துரு வைத்திருந்தால், ஆங்கிலமும் தமிழும் கலந்த சொற்றொடரில் நிலைமை இன்னும் விகாரம்: ஆங்கிலப் பாதி சாய்ந்து நிற்கும், தமிழ்ப் பாதி அசையாது.

இதற்கு மருந்து ஒரே வரி. எம்ஃபுக்கு ஒரு ஷோ விதி (ஒன்று பக்கத்தில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை மாற்றும் விதி) எழுதி, அதன் உள்ளடக்கத்தை டெல்டா (தடிமனில் கூட்டும் அளவு) 200 கொடுத்த ஸ்ட்ராங்குக்குள் போட்டுவிடுங்கள். முதல் அடுக்கு 600, உள் அடுக்கு 800. முக்தா மலரில் இரண்டு தடிமனும் இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டெல்டாவை 100 ஆக வைக்காதீர்கள். 400-க்கும் 500-க்கும் உள்ள வேறுபாடு அச்சில் மை பரவியதும் கரைந்துவிடும். எழுத்துருவை இறக்கும்போது வேரியபிள் கோப்பை (எல்லாத் தடிமனும் ஒன்றிலேயே அடங்கியது) விட்டுவிட்டு, தடிமனுக்கு ஒன்றாக இருக்கும் தனிக் கோப்புகளை நிறுவுங்கள். வேரியபிள் எழுத்துருக்களை டைப்ஸ்ட் 0.13 ஆதரிக்கவில்லை.

தலைப்புகள் தனித் தொல்லை. தலைப்பு ஏற்கெனவே 700. அதற்குள் நட்சத்திரம் இட்டால் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் 900-க்குத் தாவி, ஒற்றைச் சொல் கரித்துண்டு போல நிற்கும். தலைப்புக்குள் மட்டும் ஸ்ட்ராங்கின் டெல்டாவை -300 என்று மாற்றினால் அந்தச் சொல் 400-க்கு இறங்கி மெலிதாகத் தனித்துத் தெரியும்.

வேற்றுமை உருபு ஒட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். அடிக்கோடும் நட்சத்திரமும் சொல்லின் நடுவில் வேலை செய்யாது. ‘குறுந்தொகையில்’ என்பதில் ‘குறுந்தொகை’ மட்டும் அழுத்தம் பெற வேண்டுமானால் எம்ஃபைக் குறியாக அல்லாமல் செயற்கூறாக (#emph) எழுதி, சதுர அடைப்புக்குள் பெயரைப் போட்டு, ‘யில்’லை வெளியே ஒட்ட வேண்டும். ‘நூலின்’ என்பதில் இதுவும் நடக்காது. ‘லி’ ஒரே எழுத்து. ‘ல’வை உள்ளேயும் இகரக் குறியை வெளியேயும் வைத்தால் குறியின் பக்கத்தில் புள்ளிவட்டம் முளைக்கும். அங்கே உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் அழுத்துவதே வழி. லேடெக்கிலும் இதே கதைதான்.

லேடெக்கில் அமைப்பு வேலை அதிகம், கட்டுப்பாடும் அதிகம். போல்ட் கட்டளையை எத்தனை முறை அடுக்கினாலும் தடிமன் ஏறாது. எம்ஃப் அடுக்குகளை மட்டும் நாமே வரையறுக்கலாம். 2020 பிப்ரவரி வெளியீட்டில் வந்த டிக்ளேர்எம்ஃப்சீக்வென்ஸ் (\DeclareEmphSequence) கட்டளை அதற்குத்தான். முதலில் லுவாலேடெக்கில் (லேடெக்கை இயக்கும் ஒரு நிரல்) எழுத்துருவை, எழுத்துகளைச் சரியாக இணைத்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரோடு அழையுங்கள், இல்லையேல் ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழக்கூடும். பிறகு ஃபான்ட்ஸ்பெக் (எழுத்துருக்களை அழைக்கும் லேடெக் தொகுப்பு) தரும் ஃபான்ட்ஃபேஸ் வழியாக செமிபோல்டுக்கு (600) எஸ்பி, எக்ஸ்ட்ராபோல்டுக்கு (800) ஈபி என்று பெயர் கொடுத்து, அவ்விரண்டையும் அந்தக் கட்டளையின் வரிசையில் எழுதுங்கள். உரை ஏற்கெனவே செமிபோல்டில் இருந்தால் லேடெக் அதைக் கண்டுகொண்டு அடுத்த படிக்கே போய்விடும். இது உண்மையிலேயே அருமையான வசதி.

ஒரே ஒரு பொறி: வரிசை தீர்ந்ததும் எம்ரீசெட் (\emreset) என்ற கட்டளை தானாக இயங்கும். அது சாய்வையும் சிறு பேரெழுத்தையும்தான் நீக்கும், தடிமனைத் தொடாது. ஆகவே மூன்றாவது அடுக்கு இரண்டாவதைப் போலவே தெரியும். எம்ரீசெட்டை எம்டிசீரீஸ் (\mdseries, சாதாரணத் தடிமனுக்குத் திரும்பும் கட்டளை) என்று மறுவரையறை செய்தால் சரியாகிவிடும்.

இட்டாலிக் இல்லாதபோது லேடெக் தன் லாக் கோப்பில் (ஒவ்வோர் ஓட்டத்தின் பதிவு) ‘இந்த வடிவம் இல்லை, நேர் வடிவத்தைப் பயன்படுத்துகிறேன்’ என்று எழுதிவைக்கும். டைப்ஸ்டில் இல்லாத இந்த ஒரு வரிக்காகவே நீண்ட நூலை லேடெக்கில் கோப்பது நல்லது. துண்டறிக்கை, கட்டுரை, வினாத்தாள் போன்றவற்றுக்கு டைப்ஸ்ட் போதும். அமைக்கும் நேரமும் மிச்சம். போலியாகத் தடிப்பாக்கும் ஃபான்ட்ஸ்பெக்கின் ஆட்டோஃபேக்போல்டை மட்டும் உரை அளவில் தொடாதீர்கள். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகள் 10 புள்ளியில் அடைத்துக்கொள்ளும்.