பழைய ஸ்லைடைத் தேடி: ஒரு மும்பைப் பயணம்

இந்த முறை மெல்போர்னிலிருந்து மும்பைக்குப் போனது அண்ணன் மகனுக்காக. எட்டு வயசு. ரத்தப் புற்றுநோய், அதில் ஏ.எல்.எல். என்கிற வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான். வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள். இவனுக்கோ முதல் கட்ட கீமோ முடிந்தும் நோய் அடங்கவில்லை. ஏன் அடங்கவில்லை என்று கேட்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தாராவி, சயான் பக்கம் இருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வருபவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் காட்டியது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில். காய்ச்சல், கழுத்தில் நெறி, உடம்பெல்லாம் வெளுப்பு. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, நோய் இன்னதென்று சொல்லி, சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். அந்த மஜ்ஜையில் மரபணுப் பரிசோதனை மட்டும் செய்யவில்லை. “அது தனிச் செலவு, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்களாம். என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான்.

நோய் அடங்காததால் பரேல் டாடா மெமோரியலுக்கு மாறினார்கள். 1941இல் தொடங்கிய மருத்துவமனை, 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்தால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பதிவு செய்ததும் ஒரு கோப்பு எண், கூடவே ஒரு ஸ்மார்ட் கார்டு. அதில் பணம் போட்டு வைத்தால் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அதிலிருந்தே கழித்துக்கொள்கிறார்கள். பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு, கட்டணத்தில் பெரிய வித்தியாசம். வசதி இல்லாதவர்கள் பொதுப் பிரிவில் பதிந்துவிட்டு, உடனே அங்குள்ள சமூகப் பணியாளர்களைப் பார்ப்பது நல்லது.

அங்கே மருத்துவர் முதலில் எம்.ஆர்.டி. அறிக்கையைப் பார்த்தார். சிகிச்சைக்குப் பிறகும் நோய் எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் பரிசோதனை அது. நுண்ணோக்கியில் மஜ்ஜை சுத்தமாகத் தெரிந்தாலும், பத்தாயிரம் உயிரணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் நோயணு ஒளிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். இவனுக்கு அதைவிட நிறையவே மிச்சம் இருந்தது. “முதல் மஜ்ஜையின் மரபணு அறிக்கை எங்கே?” என்று கேட்டார். இல்லை என்றோம். இப்போது எடுத்தால் நோயணு குறைவு, அந்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியாது. “அப்படியானால் பழைய ஸ்லைடையாவது வாங்கிட்டு வாங்க” என்றார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக முதல் மஜ்ஜையைத் தடவி வைத்த கண்ணாடித் துண்டைத்தான் சொன்னார்.

சரி என்று கிளம்பினோம். பழைய லேபில் அறிக்கை தருவோம், ஸ்லைடு தரமாட்டோம் என்றார்கள். மருத்துவர் கடிதம் கேட்டார்கள், கொண்டுபோனோம். மேலாளர் இல்லை என்றார்கள், காத்திருந்தோம். கடைசியில் சாயம் போடாத இரண்டு ஸ்லைடுகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஓரத்துச் சொரசொரப்பில் பென்சிலால் எண் எழுதியிருந்தது. பேனா மை என்றால் ரசாயனத்தில் கரைந்துவிடும். அந்தப் பெட்டியை அண்ணன் சட்டைப் பையில் வைக்கக்கூடப் பயந்து, பரேல் வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான்.

அதில் ஃபிஷ் என்ற பரிசோதனை செய்தார்கள். இரண்டு மரபணுக்களுக்கு இரண்டு நிறத்தில் ஒளிரும் அடையாளம் வைக்கிறார்கள், சிவப்பும் பச்சையும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் மஞ்சளாகத் தெரியும். தெரிந்தது. ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதில் பிறந்த கோளாறு, பெயர் ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். 1960இல் அந்த நகரத்தில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டுபிடித்தது. ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கும். பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒட்டு மரபணு, நிற்காமல் பெருகச் சொல்லி அணுவை விரட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வழக்கமான கீமோ போதவில்லை. இதைக் குறிவைத்தே இமாடினிப் என்ற மாத்திரை 2001 முதல் இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கீமோவுடன் இதைத் தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மாத்திரை இல்லாத காலத்தில் அது 35 சதவீதம். அவ்வளவு வித்தியாசம், இரண்டு கண்ணாடித் துண்டில்.

மைனிக்கு வேறு பயம். அண்ணன் கட்டியது சொந்த மாமன் மகளை. “சொந்தத்துல கட்டினதாலயா டாக்டர்? சின்னவளுக்கும் வருமா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அந்த மருத்துவர் அவசரப்படாமல் பதில் சொன்னதை மறக்கமாட்டேன். இந்த மாற்றம் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததில்லை, அவன் உடம்பில் ஏதோ ஓர் அணுவில் தானாக நேர்ந்தது, தங்கைக்கு இறங்காது என்றார். விதிவிலக்கு உண்டு. குரோமோசோம் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோகும் ஒரு வகையில் டிபி53 என்ற மரபணுக் கோளாறு பரம்பரையாக வந்திருக்கலாம், அப்போது குடும்பத்தையும் பரிசோதிப்பார்கள். இவனுக்கு அது இல்லை.

மருந்து கேட்காமல் போக இது ஒன்றுதான் காரணம் என்றில்லை. ஐகரோஸ் என்ற மரபணு அழிந்துபோனால் நோய் திரும்ப வரும் அபாயம் கூடும். நோய் திரும்பிய சில பிள்ளைகளிடம் என்டி5சி2 மரபணு மாறியிருக்கிறது. தினமும் கொடுக்கும் 6-எம்பி மாத்திரை வேலை செய்வதற்குள் அதைச் செயலிழக்க வைத்துவிடுகிறது அந்த மாற்றம். மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கவில்லையோ என்று பெற்றவர்களைச் சந்தேகப்படும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

கார்-டி சிகிச்சை பற்றியும் கேட்டேன். நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுவது அது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இவனுக்கு இப்போதைக்கு மாத்திரையும் கீமோவும்தான், அடுத்த எம்.ஆர்.டி. பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்வார்கள்.

வார்டில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, கையில் ஐந்து வயசுப் பிள்ளை. இந்தி ஒரு வார்த்தை வராது. “யக்கா, என்ன சொல்லுதாவன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்று என்னிடம் வந்தாள். இப்படி வருபவர்களுக்கு இரண்டு விஷயம். செயின்ட் ஜூட் இந்தியா மையங்களில் சிகிச்சைக்கு வரும் பிள்ளையும் பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம். 2006 முதல் நடத்துகிறார்கள், மருத்துவமனை மூலமாகத்தான் கேட்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும். அவள் போகவர முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்திருந்தாள். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, சலுகையில் வேறு எடுத்துக் கொடுத்தோம்.