பூநகரி வளவில் ஒரு வீட்டுக் காற்றாடி

கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்வித்த, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் காற்றாடி இது. மூன்று இதழ், விட்டம் 1.8 மீற்றர், 24 வோல்ற், இரண்டு பற்றரி.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் வால். சாய்வாக வைத்த பிணைச்சலில் அது தொங்குகிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) பலத்து வீசினால் தலை மெல்ல ஓரமாய்த் திரும்பி, இதழ்கள் காற்றுக்கு முகம் கொடுக்காமல் விலகிவிடும். காற்றுத் தணிய, வால் தன் பாரத்திலேயே கீழே இறங்கித் தலையைப் பழையபடி திருப்பும். இதற்கென்று மோட்டரும் இல்லை, வயரும் இல்லை. அருமையான வேலை!

400 வாற்ஸ் என்று தந்தார்கள். அது செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசும் காற்றுக்கு. வேகம் பாதியானால் வலு எட்டிலொன்றாகும், அதாவது 50 வாற்ஸ்தான். அதனால் சோளகம் வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை லைற், மின்விசிறி, ரவுட்டர் எல்லாம் இதில் ஓடுகின்றன, பில்லும் நன்றாகக் குறைகிறது. மார்ச், ஏப்ரலில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கிணற்று மோட்டருக்கு இது காணாது. அதை மின்சார சபை லைனிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளை இறுக்கும் முறுக்காணிகளைச் சாதாரண இரும்பில் போட்டுவிட்டார்கள். கடனீரேரி உப்புக்காற்றில் அவை சீக்கிரமே துருப்பிடித்தன. கல்வனைஸ் பண்ணியதையே கேட்டு வாங்குங்கள். அப்புறம், கூரையில் பூட்டவே வேண்டாம்: வீடு அதிரும், காற்றும் சுழன்று வரும். பக்கத்து மரங்களைவிட உயரமான கம்பம் வேண்டும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காற்று மறைபடும் காட்டோரம் இருப்பவர்கள் இந்தக் காசைச் சோலாரில் போடுவதே நல்லது.