ஃபெரட்டுக்கு ஆபரேஷன் முடிந்த இரவு: வீடா, ஆஸ்பத்திரியா?

ஃபெரட் என்பது கீரி போல நீண்ட உடம்புள்ள சின்ன வளர்ப்புப் பிராணி. என் இரண்டு ஃபெரட்டுகளுக்கும் ஏறக்குறைய ஒரே ஆபரேஷன்தான். சிறுநீரகத்தை ஒட்டி இருந்து ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகளில் இடது பக்கத்ததை எடுத்தார்கள். வயிற்றைத் திறந்தபோது கணையத்தில் தட்டுப்பட்ட சிறு கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். வாலுவை அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விடிவதற்குள் இறந்துவிட்டான். இரண்டு ஆண்டு கழித்து சுட்டியை இரவு ஆஸ்பத்திரியிலேயே விட்டேன். பிழைத்துக்கொண்டாள். இரண்டே உயிர்களை வைத்துக்கொண்டு பொது விதி எழுத முடியாது, தெரியும். ஆனாலும் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராத்திரி முழுக்க ஆள் விழித்திருக்கும் ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே விடுங்கள்.

வீட்டுக்கும் நியாயம் உண்டு. பழகிய வாசனை, பழகிய தொட்டில், பக்கத்துக் கூண்டில் நாய் குரைக்காது. ஃபெரட்டின் வயிற்றில் ஹெலிகோபாக்டர் மஸ்டெலே என்ற கிருமி சாதாரணமாகவே குடியிருக்கும்; பதற்றம் கூடினால் புண்ணாகி, தார் மாதிரி கறுப்பாக மலம் போகும். தையலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நாய், பூனை போல ஃபெரட்டுகள் தையலைக் கடித்துப் பிய்ப்பது குறைவு. செலவு எதில் கூடும் என்பது சொல்லாமலே தெரியும்.

என் தட்டைச் சாய்த்தது ஒரே விஷயம்: இரத்தச் சர்க்கரை.

அட்ரினல் நோய் வரும் நடுவயதில்தான் கணையத்தில் இன்சுலினோமா கட்டியும் வருகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது ஃபெரட்டில் சர்வசாதாரணம். அந்தக் கட்டி, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைக் கணக்கில்லாமல் சுரக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் அகப்பட்டதை மருத்துவர் எடுத்துவிடுவார். அகப்படாத துணுக்குகள் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். இதோடு பட்டினியும் சேர்கிறது. ஃபெரட் தின்றது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே 4 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடமாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வலியில் சுருண்டு கிடக்கும் ஃபெரட் தானாகப் போய்த் தின்னுமா? மயக்கத்தில் இறங்கிய உடல் சூடும் சீக்கிரம் ஏறாது. எல்லாம் சேர்ந்து நடுராத்திரியில் சர்க்கரையைக் கீழே இழுக்கும்.

டெசிலிட்டருக்கு 90 முதல் 120 மில்லிகிராம் வரை இருந்தால் பிரச்சினை இல்லை; 70க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். வாலுவைக் கையில் கொடுத்தபோது 94. அந்த எண்ணை நம்பித்தான் கூட்டிவந்தேன். அது அந்த நிமிடத்தின் எண் மட்டுமே என்பது எனக்கு உறைக்கவில்லை. ராத்திரி 2 மணிக்குப் போய்ப் பார்த்தேன். அசையாமல் கிடந்தான். ஃபெரட் வளர்ப்பவர்களுக்கு அதன் செத்த தூக்கம் தெரியும்: தூக்கினால் ஈரத்துணி போலத் தொங்கும், விழிக்கவே ஓரிரு நிமிடம் ஆகும். போதாக்குறைக்கு வலிக்குப் பூப்ரெனார்ஃபின் என்ற தூக்கம் தரும் மருந்து வேறு போட்டிருந்தார்கள். நன்றாகத் தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் விட்டால் உள்ள ஆபத்து இதுதான். சாதாரணத் தூக்கத்தில் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், உலுக்கினால் கடைசியில் எழுந்துவிடும். சர்க்கரை இறங்கினால் எச்சில் ஒழுகும், வாயைக் காலால் பிறாண்டும், பின்னங்கால் இழுக்கும், பார்வை நிலைகுத்தும். விழித்திருக்கும் ஃபெரட்டில் இதெல்லாம் கண்ணில் படும். மருந்துத் தூக்கத்தில் கிடப்பதில் எதைப் பார்ப்பீர்கள்? சுட்டிக்கு ராத்திரி 3 மணிக்கு எடுத்தபோது 48. அவளும் தூங்குவது போலத்தான் கிடந்தாளாம். நரம்பில் ஏற்கெனவே ஊசி இருந்ததால் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் உடனே ஏறியது. அந்த வேலையை நான் வீட்டில் செய்திருக்க முடியாது.

மற்ற சிக்கல்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு கிலோ ஃபெரட்டின் உடம்பில் உள்ள இரத்தமே சுமார் 60 மி.லி.தான், உள்ளே 12 மி.லி. கசிந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. வலது அட்ரினல் பெரிய சிரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே இந்த ஆபத்து அதிகம். என் இருவருக்கும் இடது பக்கம் என்பதால் வலது பக்க ஆபரேஷனுக்குப் பிந்தைய இரவை நான் பார்த்ததில்லை. ஆணுக்கு ப்ராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். முக்கியும் வரவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. இரண்டு அட்ரினலையும் எடுத்திருந்தால் ஸ்டீராய்டு பற்றாக்குறை ஓரிரு நாள் கழித்துக்கூட வெளியே தெரியலாம்: சோர்வு, வாந்தி, சாப்பாட்டு வெறுப்பு. இதற்கு ஓரிரவு ஆஸ்பத்திரி உதவாது. வீட்டில்தான் கண்காணிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. "இரவு இங்கேயே இருக்கட்டும்" என்பார்கள். 9 மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் காலையில்தான் திறப்பார்கள். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியைவிட விழித்திருக்கும் வீடு எவ்வளவோ மேல். ராத்திரி யார் இருப்பார், எத்தனை மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பார் என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் கூட்டிவந்துவிடுங்கள்.

வீடுதான் என்றால் அலாரம் வைத்து 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, இறைச்சிக் கூழை நக்கக் கொடுக்க வேண்டும். எழும்வரை விடக்கூடாது. துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். துவண்டுபோனால் ஈறில் தேன் தடவி, தேறியதும் கூழ் கொடுத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். தேனோடு நிறுத்தினால் இன்சுலின் இன்னும் சுரந்து சர்க்கரை மறுபடி விழும். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரல் போகக்கூடாது.

வாலுவுக்குச் சர்க்கரைதான் காரணம் என்று இவ்வளவு எழுதிவிட்டேன். உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உள்கசிவாகவும் இருந்திருக்கலாம், இதயமாகவும் இருந்திருக்கலாம். காலையிலேயே புதைத்துவிட்டேன். பிரேதப் பரிசோதனை கேட்கலாம் என்பதே அப்போது தோன்றவில்லை. அப்படி ஒரு நிலை வந்தால் உடலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு கெட்டுவிடும். ஃப்ரிட்ஜின் குளிர்ந்த தட்டில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுபோங்கள்.